சுயேச்சை வேட்பாளருக்குச் செலவுக் கணக்கு எழுதிய அனுபவம்

2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நின்ற நண்பருக்கு நான்தான் தேர்தல் முகவர். வீடு வீடாக ஓட்டுக் கேட்டதைவிடச் செலவுக் கணக்குதான் எனக்கு அதிக வேலை வைத்தது. அடுத்த முறை நிற்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

வேட்புமனு கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். மனு கொடுத்ததும் ஒரு பதிவேடு தருவார்கள். அன்றாடச் செலவுக்கு வெள்ளைப் பக்கம், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். அந்தத் தேர்தலில் நம் மாநிலத்தில் ஒரு வேட்பாளர் 30.8 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம். நாங்கள் அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனாலும் டீ, ஆட்டோ, மைக் செட், நாற்காலி என்று எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். மாவட்டத் தேர்தல் அலுவலரின் விலைப்பட்டியலோடு அவற்றை ஒப்பிடுவார்கள். பிரச்சாரக் காலத்தில் மூன்று முறை பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வீடியோ குழு எடுத்த படங்களை வைத்து அதிகாரிகளும் தனியாக ஒரு நிழல் பதிவேடு எழுதுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும். இதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. பணத்தைக் கண்காணிக்கத்தான் வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் வேட்பாளரை ஆதரித்துச் சொந்தச் செலவில் நோட்டீஸ் அடிக்க விரும்பினார். வேட்பாளர் எழுத்தில் அனுமதி தராமல் அவருக்காக யார் செலவு செய்தாலும் அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டம் 171எச் பிரிவின்படி அது குற்றம். அதற்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 176-ஆம் பிரிவாக இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்: "என் பென்ஷன் காசு, என் கருத்து. இதுக்கு எதுக்கு தம்பி ஒருத்தர்கிட்ட எழுதி வாங்கணும்?" அனுமதிக் கடிதம் கொடுத்தோம். அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர் எல்லாம் போட்டு அடித்தார். அந்தச் செலவும் எங்கள் கணக்கில்தான் ஏறியது. இந்த விதி இல்லாவிட்டால் 'யாரோ ஆதரவாளர் செய்தார்' என்று சொல்லியே கோடிக்கணக்கில் இறைப்பார்கள் என்பது எனக்குப் புரிகிறது. அமெரிக்காவில் 1976-இல் பக்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் நன்கொடைக்கு வரம்பு சரி என்றது, ஆனால் தனிநபர் தானாகச் செய்யும் செலவுக்கு வரம்பு போடுவது பேச்சுரிமைக்கு எதிரானது என்றது. அந்த வழியில் போன அங்கே பெரும்பணக்காரர்களின் பணம் எப்படிப் பாய்கிறது என்பதையும் பார்க்கிறோம். அதனால் அந்த வழியை நான் கேட்கவில்லை. ஆனால் ஆசிரியர் சாரின் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

அடுத்தது நன்கொடை. ஒருவரிடம் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. கொடுத்தவர் பெயரும் முகவரியும் கணக்கில் வர வேண்டும். ஒரு ஹார்டுவேர் கடைக்காரர், "பணம் தர்றேன்ணே, பேரு மட்டும் வேண்டாம். நாளைக்கு ஜெயிச்சவங்க ஆளுங்க கடைக்கு வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். பெயர் இல்லாமல் வாங்க முடியாது என்றதும் பின்வாங்கிவிட்டார். அவர் பயம் நியாயமானது. தாக்கல் செய்த கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆனால் அதே காலத்தில் தேர்தல் பத்திரம் (கட்சிக்கு நன்கொடை தர வங்கியில் வாங்கும் பத்திரம்) மூலம் கோடிகளைக் கொட்டிய கம்பெனிகளின் பெயர் அப்போது நமக்குத் தெரியவில்லை. கட்சிக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்கள் பெயரைத்தான் கட்சிகள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். பத்திரத்துக்கு அதிலிருந்தும் விலக்கு இருந்தது. சுயேச்சைக்கு 2,000 கொடுக்கும் கடைக்காரர் மட்டும் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். இதை என்னால் கொஞ்சமும் ஏற்க முடியவில்லை. 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தேர்தல் பத்திரத்தை ரத்து செய்தார்கள். வாக்காளரின் தகவல் உரிமை, பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவிலேயே அடங்கும் என்று அவர்கள் சொன்னபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

வரம்பு விஷயத்திலும் இதே கதைதான். வேட்பாளருக்கு உச்சவரம்பு உண்டு, கட்சிக்கு இல்லை. ஒரு வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974-இல் கன்வர் லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைப் பயனற்றதாக்கினார்கள். பின்னால் வந்த திருத்தத்தில் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு போன்றவை மட்டும் விலக்காக நின்றாலும், கட்சியின் பொதுப் பிரச்சாரத்துக்கு இன்றும் உச்சவரம்பு கிடையாது. எங்கள் டீச் செலவுக்கு ரசீது கேட்ட சட்டம் முதலில் அங்கே போக வேண்டும்.

சரி, நிற்கப் போகிறவர்களுக்கு: ரசீதை அன்றன்றே ஒட்டிவிடுங்கள். ஆதரவாளர் யார் செலவு செய்ய வந்தாலும் முதலில் அனுமதிக் கடிதம் கொடுங்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தோற்றவர்களுக்கும் இது பொருந்தும். காரணமில்லாமல் விட்டால் மூன்று ஆண்டு தேர்தலில் நிற்கவே முடியாமல் தகுதிநீக்கம் செய்துவிடுவார்கள். சுயேச்சைகள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். தாக்கல் செய்ததற்கு ஒப்புகைச் சீட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.