மாப்பிள்ளை கொண்டுவந்த ஹீட்டர்

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு பென்ஸ் இருக்கிறது. 1996 மாடல், ஈ250 டீசல், புனேயில் பூட்டிய வண்டி. பர்கூர்ப் பக்கம் கிரானைட் தொழிலில் கொஞ்சம் காசு புரண்டபோது செகண்ட் ஹேண்டில் வாங்கினார். காசு போய்விட்டது, வண்டி மட்டும் நிற்கிறது. கிருஷ்ணகிரி பழையபேட்டைத் தெருவுக்குள் அது நுழைந்தால் எதிரே வருகிறவர்கள் எல்லாம் ரிவர்ஸ் எடுக்க வேண்டும்.

மார்கழி பிறந்தால் அந்த வண்டிக்குச் சளி பிடித்துக்கொள்ளும். விடியற்காலையில் ஆறேழு முறை செல்ஃப் அடித்தால்தான் இருமிக்கொண்டே எழும். எழுந்ததும் விடுகிற வெள்ளைப் புகையில் தெருவுக்கே போகிப் பண்டிகை முன்கூட்டியே வந்துவிடும்.

போன டிசம்பரில் கனடாவின் எட்மண்டனில் இருந்து மாப்பிள்ளை வந்தார். பெரியப்பா மகளைக் கட்டியவர், எனக்கு மாமா முறை. வந்த மறுநாள் காலை இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். பெட்டியைத் திறந்து, உள்ளங்கை அளவில் ஒரு இரும்புச் சாமான், அதோடு ஒரு கறுப்பு வயர் இரண்டையும் எடுத்து வந்து வைத்தார்.

"போன வருஷம் வீடியோ காலிலேயே பார்த்தேன் மாமா. உங்க வண்டிக்குன்னே தேடி வாங்கினேன். பிளாக் ஹீட்டர்."

அப்புறம் விளக்கம் ஆரம்பித்தது. எட்மண்டனில் ஜனவரியில் மைனஸ் 30 வரைக்கும் போகும். எஞ்சின் ஆயில் வெல்லப்பாகு மாதிரி இறுகிவிடும், டீசலில் மெழுகு திரளும், பேட்டரிக்குத் தெம்பு இருக்காது. டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டி மாதிரி தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டில்தான் தீப்பிடிக்க வேண்டும். உறைந்த இரும்புக்குள் அந்தச் சூடு எங்கே நிற்கும்? அதனால் எஞ்சின் பிளாக்கில், எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவம் ஓடும் இடத்தில் இந்த ஹீட்டரைப் பொருத்தி, வயரை முன் கிரில் வழியாக வெளியே தொங்கவிடுவார்கள். கிளம்புவதற்கு மூன்று நாலு மணி நேரம் முன்னால் பிளக்கில் சொருகிவிட்டால் போதும். அங்கே பார்க்கிங்கில் வண்டிக்கு வண்டி பிளக் பாயின்ட் வைத்திருப்பார்களாம். 1949இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆண்ட்ரூ ஃப்ரீமேன் என்பவர் இப்படிப்பட்ட ஹீட்டருக்குக் காப்புரிமை வாங்கியதையும் சொன்னார். பெரியம்மா இதற்குள் இரண்டு தடவை காபி கொடுத்துவிட்டார்.

நம் ஊர்க் குளிர் எவ்வளவு? ஸ்வெட்டரும் குல்லாவுமாகப் பெருமாள் கோயில் வாசலில் பொங்கலுக்கு நிற்கிறோமே, அதுவே 15, 16 டிகிரிதான். இதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். பெரியப்பா என் காலை மிதித்தார். மாப்பிள்ளை கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. சென்ற முறை வந்த பனிக்கால பூட்ஸைப் போட்டுக்கொண்டு அவர் ஒரு வாரம் மாந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்.

மெக்கானிக் அந்தச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், ஹீட்டர்தான் வண்டியிலயே அஞ்சு இருக்கே?" என்றார். நம் ஊர் டீசல் மெக்கானிக்குக்கு ஹீட்டர் என்றால் ஹீட்டர் பிளக். சிலிண்டருக்கு ஒன்று, சாவியைத் திருப்பியதும் பழுத்து உள்ளே இருக்கிற காற்றைச் சூடாக்குவது. மாப்பிள்ளை மறுபடி ஃப்ரீமேனில் இருந்து ஆரம்பிக்கப் பார்த்தார். மெக்கானிக் உடனே ஒத்துக்கொண்டுவிட்டார்.

மூன்றாம் நாள் வண்டி மூக்கில் வயர் தொங்க வீடு வந்தது. ஊர் சும்மா இருக்குமா? பக்கத்தில் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்ததிலிருந்து இங்கே எல்லோரும் பேட்டரி நிபுணர்கள். ரவுண்டானா டீக்கடையில் ஒருவர், "பென்ஸை கரண்ட் வண்டி ஆக்கிட்டீங்களாமே, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் தருது?" என்று கேட்டார். பெரியப்பா யோசிக்கவே இல்லை. "இன்னும் ஓட்டிப் பார்க்கல" என்றார்.

மறுநாள் காலை நாலரை மணி. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. வெளிநாட்டு பிளக் நம் சாக்கெட்டில் நுழையாது என்பதால் நான்தான் முந்தைய நாளே ஒரு கன்வெர்ட்டர் முனை வாங்கி வைத்திருந்தேன். சீரியல் பல்புக்கு வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து, மாப்பிள்ளை கையாலேயே சுவிட்சைப் போட வைத்தோம்.

முதலில் பானட்டுக்குள் 'சொய்ங்' என்றது. பிறகு உலை கொதிக்கிற சத்தம். மாப்பிள்ளை முகம் மாறியது. எட்மண்டனில் அது சத்தமே போடாதாம். பெரியம்மா வெளியே வந்து, "யார் இந்நேரத்துக்கு அடுப்புல தண்ணி வச்சது?" என்றார். அதற்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஓரமாக உருக ஆரம்பித்து, பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. டப். வீடு முழுக்க இருட்டு.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன். ஹீட்டரின் மேல் 120 வோல்ட், 400 வாட் என்று பொறித்திருந்தது. கன்வெர்ட்டர் முனை கம்பியின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. 230 வோல்ட்டில் சொருகினால் வோல்டேஜ் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, வாட் கிட்டத்தட்ட நாலு மடங்கு, அதாவது 1470. பென்ஸுக்குள் ஒரு வாட்டர் ஹீட்டர் ராடை விட்டிருக்கிறோம். இதே கணக்கைக் கரும்பலகையில் வருஷா வருஷம் போடுகிறேன். டார்ச் வெளிச்சத்தில் அந்த எழுத்தைப் படித்தபோதுதான் அது ஞாபகம் வந்தது.

எல்லோரும் வாயடைத்து நிற்க, பெரியப்பா மட்டும் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரே செல்ஃப். புகையே இல்லாமல், கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி கம்பீரமாக எழுந்தது வண்டி.

"பார்த்தீங்களா மாமா!" என்றார் மாப்பிள்ளை. பெரியப்பா கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் கூலன்டைப் பார்க்க வந்த மெக்கானிக் என்னைத் தனியாக ஓரங்கட்டினார். "சார், அன்னிக்கு வேலை பார்க்கும்போதே ஹீட்டர் பிளக் ரெண்டு செத்துக் கிடந்துச்சு. மாத்திட்டேன். பில்லுல போட்டிருந்தேனே." பில்லை எடுத்துப் பார்த்தேன். 'ஹீட்டர் - 2' என்று இருந்தது. பெரியப்பா அதை மாப்பிள்ளையின் ஹீட்டருக்கான இரண்டு நாள் கூலி என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார். நான் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

போன வாரம் வீடியோ காலில் மாப்பிள்ளை வந்தார். அடுத்த முறை பேட்டரியைச் சுற்றிப் போர்த்துகிற சூட்டுக் கம்பளி கொண்டுவருகிறாராம். அங்கே அதுவும் எல்லோரும் போடுவார்களாம். பெரியப்பா, "ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை" என்றார்.

பின்னாலிருந்து பெரியம்மா குரல்: "கம்பளியா? அதை எனக்குன்னு சொல்லி வாங்கி வரச் சொல்லுங்க. மார்கழியில முதுகு வலி உயிர் போகுது."