பறிச்சா எடுத்துக்கறேன்

“பறிச்சா எடுத்துக்கறேன் காகா.”

2021 நவம்பர் கடைசி நாள் மத்தியானம், மகாராஷ்டிர மலை ஊரான பாஞ்ச்கணிப் பக்கத்து ஸ்ட்ராபெரி விவசாயி ஒருவரிடம் போனில் நான் சொன்னது இவ்வளவுதான். இந்தியில் சொன்னேன், நடுநடுவே எனக்குத் தெரிந்த மராத்தி. காகா என்றால் மராத்தியில் சித்தப்பா, அங்கே பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவது. அவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டார் என்பது இன்றுவரை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. சரி, நான் என்ன நினைத்துச் சொன்னேன் என்பதாவது தெரியுமா என்றால், யோசிக்க யோசிக்க அதிலும் சந்தேகம் வருகிறது.

மறுநாள் மேற்கு மகாராஷ்டிரத்தில் நல்ல மழை இருக்கும் என்று வானிலைத் துறை எச்சரித்திருந்தது. டிசம்பர் மழை அந்த மலையின் கணக்கிலேயே கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்ட வேண்டியதெல்லாம் கொட்டித் தீர்ந்து, அக்டோபரில் வானம் வெளுத்து, மெல்லக் குளிர் இறங்கும் என்ற நம்பிக்கையில்தான் மகாபலேஷ்வர், பாஞ்ச்கணி வட்டாரத்தின் ஸ்ட்ராபெரித் தொழில் நடக்கிறது. தாய்ச்செடி வெளிநாட்டிலிருந்து வரும். வாய் என்ற அடிவார ஊரின் நர்சரிகளில் மழைக்காலம் முழுக்கத் தரையோடு படரும் ஓடுதண்டு விட்டு, அதிலிருந்து நாற்றாகும். செப்டம்பர், அக்டோபரில் மேட்டுப்பாத்திக்கு ஏறும். நவம்பர் கடைசியில் முதல் பழம். அந்த முதல் பழத்துக்குத்தான் நல்ல விலை. ஜனவரியில் எல்லார் நிலத்திலும் பழம் கொட்டும்போது அந்த விலை இருக்காது.

அந்த வருஷம் ஜூலையிலேயே மகாபலேஷ்வரில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 600 மில்லிமீட்டர் பெய்திருந்தது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்குக் கொஞ்சம் கீழே. மண் சரிந்தது, ரோடு போனது. அதையெல்லாம் தாண்டிச் செடி வைத்து, பாத்தியை மூடுகிற மல்ச்சிங் ஷீட் விரித்து, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, முதல் பறிப்புக்கு வந்து நின்றவர்களிடம் இன்னொரு மழை வருகிறது என்று சொல்ல வேண்டியிருந்தது.

போன் பண்ணியது அவர்தான், நான் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

“மழை வருமா சாஹேப்?”

“வரும்னுதான் போட்டிருக்கான் காகா.”

“பறிச்சிடவா?”

“நிறம் எவ்வளவு வந்திருக்கு?”

“பாதி. சிலது பாதிக்கு மேல. நாலு நாள் விட்டா நல்லா வந்துடும்.”

“நாலு நாள் எங்க இருக்கு?”

“அது தெரியுது. நீங்க எடுத்துப்பீங்களா, அதை மட்டும் சொல்லுங்க.”

அப்போதுதான் சொன்னேன்.

நான் அவரைப் பறிக்கச் சொல்லவில்லை. பறித்தால் எங்கள் கம்பெனியின் சேகரிப்பு மையத்தில் எடுத்துக்கொள்வோம் என்றேன், அவ்வளவுதான். எடுத்துக்கொள்வது என்றால் கிரேடிங் போட்டு, அதாவது தரம் பிரித்து எடுத்துக்கொள்வது. முக்கால் சிவப்புக்கு மேலிருந்தால் ஒரு விலை, மீதி பல்ப்புக்கு, அதாவது கூழாக்குவதற்குப் போகும், அதற்கு வேறு விலை. எங்களுக்குப் பல வருஷமாகப் பழம் கொடுப்பவருக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். ஆனால் மழை வருகிற நாளில், பாதி நிறம்தான் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேட்கிறவரிடம் “எடுத்துக்கறேன்” என்றால், அவர் காதில் அது எப்படி விழும்? அந்தப் பதிலை அவருடைய இடத்தில் இருந்து கேட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறு மாதிரித்தான் கேட்கிறது.

இந்தப் பழத்தில் உள்ள சங்கடம் வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. மாம்பழத்தைக் காயாகப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும், இனிக்கும். ஸ்ட்ராபெரி அந்த ஜாதி இல்லை. செடியிலிருந்து பிரிந்த பிறகு நிறம் வேண்டுமானால் கொஞ்சம் ஏறும், இனிப்பு ஏறாது. பாதியில் பறித்தது டப்பாவுக்குள் இரண்டு நாள் இருந்து சிவந்து, பார்க்க அழகாகக்கூட ஆகிவிடும், கடித்தால் புளிக்கும். தூரத்துக்கு அனுப்புகிற பழத்தை முக்கால் சிவப்பில் பறிப்பதும் ஒரு சமரசம்தான். முழுக்கப் பழுத்ததைப் பறித்தால் பசர்ணி காட் மலைப்பாதை வளைவுகளில் இறங்கி மும்பை போய்ச் சேருவதற்குள் கீழடுக்கு நசுங்கிவிடும். புனேயிலிருந்து விமானத்தில் சென்னைக்குப் போனதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு என் அம்மா, “இதுக்கா மாசக்கணக்குல மலையில உட்கார்ந்திருக்க?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. தோட்டத்தில் காலையில் பறித்த பழத்தை அவர் சாப்பிட்டதில்லை.

சரி, பறிக்காமல் விட்டால்? தோல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லாத பழம் இது. மல்ச்சிங் ஷீட் மேல் தண்ணீர் தேங்கும், பழம் அதில் ஊறும், வெடிக்கும். அப்புறம் சாம்பல் பூசணம். அது பழத்தோடு நின்றாலாவது தேவலை. ஈரத்தில் விரிந்திருக்கிற பூவிலேயே புகுந்துகொண்டு, அந்தப் பூ காயாகிப் பழமாகும்போதுதான் முகம் காட்டும். டிசம்பர் முதல் தேதி மழையின் நஷ்டம் கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் முழுசாகத் தெரியும். கிறிஸ்துமஸ், புத்தாண்டுதான் அங்கே டூரிஸ்ட் நிறைகிற நேரம் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, பறித்தாலும் நஷ்டம், விட்டாலும் நஷ்டம். எது குறைவான நஷ்டம் என்பதுதான் கேள்வி. எந்த விவசாய அதிகாரியைக் கேட்டிருந்தாலும் நிறம் வந்ததையெல்லாம் பறித்துவிடு என்றுதான் சொல்லியிருப்பார். நிறம் வந்ததை. பாதி நிறத்தை என்று சொல்லியிருப்பாரா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் நியாயமாகாது. மும்பையில் ஒரு சூப்பர் மார்க்கெட் அந்த வார இறுதியில் சீசனின் முதல் ஸ்ட்ராபெரி என்று விளம்பரம் வைத்திருந்தது. விலை முன்கூட்டியே பேசி முடித்தாயிற்று. வியாழக்கிழமை பெட்டி போய்ச் சேர வேண்டும். போன் வந்தது செவ்வாய்க்கிழமை. மழை பெய்துவிட்டால் அடுத்த வாரம்வரை சுத்தமான பழம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அவரோடு பேசும்போது அந்த ஆர்டர் ஷீட் என் மேஜையில்தான் கிடந்தது. அவரிடம் அதைப் பற்றி நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. வாங்குகிறவனின் அவசரத்தை விற்கிறவனிடம் சொல்லும் வழக்கம் எந்தச் சந்தையிலும் கிடையாது. நான் சம்பளம் வாங்குவதும் வாங்குகிற பக்கத்தில்தான். ஆனால் அவர் மழை வருமா என்று என்னைக் கேட்டது வாங்குகிறவன் என்று நினைத்து அல்லவே. விவசாயம் படித்தவன், போனில் வானிலை பார்க்கத் தெரிந்தவன் என்றுதான் கேட்டார். இரண்டு ஆள் இருந்திருக்க வேண்டிய நாற்காலியில் நான் ஒருவன் உட்கார்ந்திருந்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

வழக்கமாக விடிந்ததும் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் பறித்து முடித்துவிடுவார்கள். அன்று அவர் மத்தியானத்துக்கு மேல் ஆள் கூப்பிட்டார். வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருந்த பெண்களை மறுபடி வரவழைத்து, கூலி கூடக் கொடுத்துப் பறித்தார். அந்தக் கூலி விஷயம் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் வந்து சேர்ந்த பழத்தைத் தொட்டால் சூடாக இருந்தது. வெயிலில் பறித்த பழத்தின் சூட்டை உடனே இறக்காவிட்டால் அதன் ஆயுசு மணிக்கு மணி குறையும். அந்தச் சூட்டை இறக்கும் எங்கள் பிரீகூலிங் அறையோ சின்னது. அன்று இரவு முழுக்க டிரேக்களை மாற்றி மாற்றி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தோம். அந்த வேலையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகச் செய்தோம்.

மழை சொன்னபடி வந்தது. புதன்கிழமை முழுக்க விடவே இல்லை.

பெட்டி போனது. கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். காம்புப் பக்கம் வெள்ளை என்று கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்ததும், கிரேடிங்கிலேயே கழித்ததும் பல்ப்புக்குப் போயின. என் மேலதிகாரிக்கு ஏக சந்தோஷம், அந்த வாரம் பெட்டி போட்டவர்கள் நாங்கள் மட்டும்தானாம். காகாவுக்கு இரண்டு விலை போட்ட பில் போனது. பல்ப் கணக்குதான் நீளமாக இருந்தது.

அவர் சண்டை போடவில்லை. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, “பாதி நிறம்னு நான் சொன்னேனே?” என்று மட்டும் கேட்டார்.

“ஆமா காகா, சொன்னீங்க.”

அதற்கு மேல் இரண்டு பேருமே பேசவில்லை. டீ வந்தது, குடித்தோம்.

அவர் பறிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பக்கத்து நிலத்துக்காரர் பறிக்கவில்லை. மழை விட்டதும் இலைக்கு அடியில் தப்பிய பழத்தைப் பொறுக்கி, ரோட்டோரக் கடை போட்டு, சனி ஞாயிறு வந்த டூரிஸ்ட்டுகளுக்கு விற்றார். பழமே இல்லாத வாரம் என்பதால் அவர் சொன்னதுதான் விலை. அவருக்குக் கிடைத்தது எங்கள் காகாவுக்குக் கிடைத்ததைவிட அதிகமா? இருக்கலாம். ஆனால் அவருடையது ஸ்வீட் சார்லி ரகம், இவருடையது விண்டர் டான். அங்கே நிலம் சரிவு, தண்ணீர் வடிந்துவிடும், இங்கே சமதளம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வைக்க முடியாது என்பது எனக்குச் சாதகமாக இருக்கிறது என்பதும் தெரிந்தே இருக்கிறது.

கிறிஸ்துமஸ் சமயப் பறிப்பில் காகா நிலத்தில் அழுகல் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. மழைக்கு முன்பே பழத்தை எடுத்துவிட்டதால் அழுகிப் பரப்ப அங்கே அதிகம் இல்லை. காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். மழைக்குப் பிறகு அவர் மருந்து அடித்ததும் காரணமாக இருக்கலாம். இதை நான் ஆபீசில் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், பயிற்சிக்கு வந்த பையன்களுக்கு உதாரணமாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். காகாவிடம் மட்டும் சொன்னதில்லை.

மும்பையில் அந்தப் பழத்தை வாங்கிப் போனவர்களைப் பற்றி இந்தக் கதையில் யாரும் பேசுவதில்லை. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரிக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. டப்பா மேல் அந்தப் பெயரைப் போட்டுத்தான் நாங்கள் விலை கேட்கிறோம். சீசனின் முதல் டப்பா புளித்தால் அந்த வீட்டில் இரண்டாவது டப்பா எப்போது வாங்குவார்கள்? ஜனவரியில்தான் இந்தப் பழம் நல்ல ருசிக்கு வரும். அதற்குள் அவர்கள் மனசு விட்டிருக்கும். அப்படிப் பார்த்தால் அந்த வாரம் பெட்டியே போடாத கம்பெனிகள்தான் சரியாக வியாபாரம் செய்தன என்றும் சொல்லலாம். இதை மேலதிகாரியிடம் சொன்னபோது, “அலமாரி காலியா இருந்தா அந்த இடத்துல வேற பழம் வந்து உட்கார்ந்துக்கும், அப்புறம் நமக்கு இடமே கிடைக்காது” என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

அடுத்த சீசனில் காகா, “பாதி உங்களுக்கு, பாதி ரோட்டுக்கு” என்று சொல்லிவிட்டார். ஒரே ஆளை நம்பாமல் இரண்டு பக்கம் விற்பது புத்திசாலித்தனம். கொரோனா கெடுபிடியெல்லாம் முடிந்து டூரிஸ்ட் கூட்டம் திரும்பிய சமயம் அது, அக்கம்பக்கத்தில் நிறையப் பேர் அப்படித்தான் மாறினார்கள். அந்த பில்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். நானாகப் போய்க் கேட்கவில்லை. எங்களுக்குக் கொடுக்கிற பாதியில் இன்றுவரை ஒரு குறை சொல்ல முடியாது.

இப்போதெல்லாம் வானிலை எச்சரிக்கை வந்தால் அதை அப்படியே வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடுகிறேன், என் பங்குக்கு ஒரு வார்த்தையும் சேர்ப்பதில்லை. கூடவே அன்றைய ஆர்டர் எவ்வளவு என்பதையும் போட ஆரம்பித்தேன். இரண்டாவது மாதமே மேலிடத்திலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், விலை ஏற்றிக் கேட்பார்களாம். கேட்கத்தான் செய்தார்கள்.

குரூப்பில் போட்ட கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகப் போன் வரும். “பார்த்தேன் சாஹேப். அது இருக்கட்டும், பறிக்கவா வேண்டாமா?” என்பார்கள். “உங்க இஷ்டம், நிலம் உங்களுது” என்று சொல்லப் பழகியிருக்கிறேன். பெரும்பாலான நாட்கள் அப்படித்தான் சொல்கிறேன். ஆர்டருக்குப் பழம் குறைகிற நாட்களில் மட்டும், அதைச் சொல்வதற்கு முன்னால் நிறம் எவ்வளவு வந்திருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்.