வெட்டிய பிறகும் வளர்கிற பூ

புதிதாக வந்த டியூலிப் கட்டைக் கையில் எடுத்து லேசாக உருட்டினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். ஈரக் கண்ணாடியில் விரலைத் தேய்த்தால் வருமே, அந்த மாதிரி. இலையும் தண்டும் நீரேறி விறைப்பாக இருந்தால்தான் உரசும்போது அப்படிக் கத்தும். கடையில் பெட்டி வந்து இறங்கியதும் முதலில் இதைத்தான் செய்து பார்ப்பேன். சத்தம் வராத கட்டு தனி வாளிக்குப் போய்விடும்.

அப்புறம்தான் மொட்டு. அடியில் பச்சை இன்னும் விலகாமல், நுனியில் நிறம் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். முழு நிறத்தோடு வாய் திறந்து வந்தது என்றால் வாங்கிப் போகிறவர் வீட்டில் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். ஒரேயடியாகப் பச்சையாக இருந்தாலும் ஆபத்து. சில மொட்டுகள் நிறமே ஏறாமல் சோர்ந்துபோகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் ரோஜாவில் கை பழகியவள். ரோஜாவை எங்கே செருகினோமோ அங்கேயே இருக்கும். அந்த நம்பிக்கையில், மறுநாள் ஒரு வரவேற்பு மேசைக்குப் போக வேண்டிய தாழ்ந்த கிண்ணத்தில் வெள்ளை ரோஜாவையும் சிவப்பு டியூலிப்பையும் சேர்த்து, எல்லாத் தலையும் ஒரே மட்டத்தில், கவிழ்த்த பந்து போல அடுக்கிவிட்டுப் போனேன். அவ்வளவு பெருமை. காலையில் வந்து பார்த்தால் ரோஜா எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. டியூலிப் மட்டும் ஒரு விரற்கடை எழும்பி, மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறது. வகுப்பு நடக்கும்போது வெளியே பாண்டு வாத்தியம் போனால் பிள்ளைகள் எழுந்து எட்டிப் பார்ப்பார்களே, அதே தோற்றம்.

கடைக்கார அக்கா திட்டவில்லை. "நீ நேத்து ராத்திரிக்கு அடுக்கியிருக்க. அவங்களுக்கு இது இன்னிக்குத்தானே வேணும்?" என்று மட்டும் கேட்டார். கேட்டுக்கொண்டே ஒவ்வொரு டியூலிப்பாக உருவி, அடியை நறுக்கி, ரோஜாவுக்கு இரண்டு விரற்கடை கீழே இறக்கிச் செருகினார். மாலையில் எல்லாம் சரியான உயரத்துக்கு வந்திருந்தன.

வெட்டிய பிறகும் டியூலிப் தண்டு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். குறிப்பாகப் பூவுக்குக் கீழே உள்ள பகுதியில் செல்கள் நீளுகின்றன. ஜாடியில் இருக்கும் நாட்களுக்குள் இரண்டு அங்குலம் வளர்வது சாதாரணம். வளைவதும் அந்த வளர்ச்சியால்தான். வெளிச்சம் ஒரு பக்கமாக வந்தால், ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் நிழல் பக்கம் கூடுதலாகச் சேர்ந்து அந்தப் பக்கத்தை நீட்டுகிறது. தண்டு வெளிச்சத்துக்குச் சாய்கிறது. அதனால்தான் ஜாடியைத் தினமும் கால்வட்டம் திருப்பி வைக்கச் சொல்லி அனுப்புகிறேன். எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, பூவைக் காகிதத்தில் சுற்றுவது. தண்டின் அடியில் வெள்ளையாக ஒரு பகுதி இருக்கும், கிழங்கை ஒட்டி இருந்த பகுதி. அது தண்ணீரைச் சரியாக இழுக்காது, பச்சை வரும்வரை நறுக்கிவிட வேண்டும். கீழ் இலைகளைக் கழற்றி, தலைகளை ஒரே வரியில் சேர்த்து, பழுப்புக் காகிதத்தில் குழந்தையைத் துணியில் சுற்றுவது போல இறுக்கமாகச் சுற்றுவேன். காகிதம் மொட்டுக்கு மேலே வரை வர வேண்டும், அடித்தண்டு மட்டும் வெளியே. செய்தித்தாள் வேண்டாம், ஈரத்தில் மை வெள்ளை இதழில் இறங்கிவிடும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, வெளிச்சம் படாத இடத்தில் இரண்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். பெட்டியில் கிடந்து துவண்டு, கேள்விக்குறி மாதிரி வந்த தண்டெல்லாம் காகிதத்தைப் பிரிக்கும்போது நேராக நிற்கும். எந்த நிலையில் நீர் ஏறுகிறதோ அந்த நிலையிலேயே தண்டு விறைக்கிறது. படுத்த வாக்கில் நீர் குடிக்க விட்டால் வளைந்தேதான் விறைக்கும்.

ஜாடியில் தண்ணீர் கொஞ்சமாகப் போதும், குளிர்ச்சியாக இருக்க வேண்டும், தினமும் மாற்றினால் நல்லது. டாஃபடில் என்ற பூவோடு மட்டும் சேர்க்கவே கூடாது. வெட்டிய டாஃபடில் தண்டிலிருந்து கொழகொழவென்று ஒரு சாறு வடியும். டியூலிப்புக்கு அது ஆகாது. இரண்டும் சேர்ந்துதான் வேண்டும் என்று கேட்டால் டாஃபடிலை ஒரு நாள் தனி வாளியில் வடியவிட்டு, மறுபடி அடியை நறுக்காமல் சேர்ப்பேன். நறுக்கினால் திரும்ப வடியும்.

செப்புக் காசு போட்டால் தண்டு நிமிருமா என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஜாடி வைத்துப் பார்த்துவிட்டேன். காசு நனைந்ததுதான் மிச்சம்.

பூ காலையில் விரிந்து இரவில் கூம்புவதைப் பார்த்து வாடிவிட்டதென்று பயப்படுகிறவர்களும் உண்டு. சூட்டில் இதழின் உள்பக்கம் வேகமாக வளரும், பூ விரியும். குளிரில் வெளிப்பக்கம் வளரும், மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் இதழ் கொஞ்சம் நீண்டுவிடுகிறது. வாங்கிய மொட்டை விடக் கடைசி நாள் பூ அத்தனை பெரிதாக இருப்பது அதனால்தான்.

இதில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை, விரல்கள். டியூலிப்பில் டியூலிபாலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. தொடர்ந்து கையாள்கிறவர்களுக்கு விரல் நுனி காய்ந்து, அரித்து, வெடிக்கும். 'டியூலிப் விரல்' என்றே அதற்குப் பெயர். இரண்டு பருவம் பிடிவாதமாக வெறுங்கையில் வேலை செய்துவிட்டு, இப்போது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறையோடு நிற்கிறேன். கையுறை போட்ட கைக்கு அந்தக் கீச்சுச் சத்தம் கேட்கும், ஆனால் அதிர்வு தெரியாது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணுக்குப் போன வாரம் ஒற்றை டியூலிப்பை ஒடுக்கமான ஜாடியில் வைத்துக் கொடுத்து, தினமும் காலையில் அதன் உயரத்தைப் பின்சுவரில் பென்சிலால் குறிக்கச் சொன்னேன். வளர்கிற பிள்ளைக்குக் குறிப்பது போல நான்கு கோடு ஏறியிருந்தது. ஐந்தாம் நாள் பென்சிலோடு கிட்டே போனபோது இதழ் ஒன்று கழன்று அவள் கையில் விழுந்தது. மற்றவையும் சாயங்காலத்துக்குள் உதிர்ந்தன. மறுநாள் காலை வெறும் தண்டை நிமிர்த்திப் பிடித்து ஆறாவது கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.