மூன்றாம் யூனிட்டைக் கையால் போட்டுப் படியுங்கள்: மல்டிமீடியா பேப்பர் அனுபவம்

ரிசல்ட் வந்ததிலிருந்து ஜூனியர் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இமேஜ் கம்ப்ரஷன் யூனிட்டை எப்படிப் படிச்சீங்க?" ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை. நிம்மதியாக மூச்சு விடுகிற இந்த வாரத்திலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் பாதி மறந்துவிடும்.

பேட்டர்ன், மார்க் பிரிப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜிஃப், பிஎன்ஜி, ஜேபெக் ஃபார்மட்டுகள் மூன்றையும் கட்டம் போட்டு ஒப்பிட்டு மனப்பாடம் செய்வதை நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கணக்கை எடுத்துப் பேப்பரில் கடைசி வரை போடுங்கள். எனக்கு மார்க் வாங்கிக் கொடுத்தது அதுதான்.

இந்தத் தடவை ஹால் முழுக்க ஜேபெக் பிளாக் டயகிராமை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது. வந்தது எல்இசட்டபிள்யூ (திரும்பத் திரும்ப வரும் தொடர்களுக்கு எண் கொடுத்துச் சுருக்கும் ஜிஃப்பின் முறை), அதுவும் டீகோடிங், அதாவது எண்களிலிருந்து பழையதைத் திரும்ப எடுப்பது. என்கோடிங்கை எல்லோரும் படித்திருப்பார்கள். டீகோடிங்கில் ஓர் இடம் இருக்கிறது. போட்டுப் பார்க்காதவருக்கு அங்கே பேனா நின்றுவிடும்.

'கமகமகமக' என்று ஏழு எழுத்து எடுத்துக்கொள்ளுங்கள். டிக்ஷனரியில், அதாவது சொல்லுக்கு எண் தரும் பட்டியலில், முதலில் இருப்பது க = 0, ம = 1. என்கோடர் 0 அனுப்பி 'கம'வை 2 என்று சேர்க்கும். 1 அனுப்பி 'மக'வை 3 என்று சேர்க்கும். அடுத்து 'கம' ஏற்கெனவே இருப்பதால் 2 அனுப்பி 'கமக'வை 4 என்று சேர்க்கும். மிச்சம் 'கமக', அதற்கு 4. ஆக வெளியே போவது 0, 1, 2, 4.

இப்போது டீகோடர் பக்கம் வாருங்கள். 0, 1, 2 வரை சிக்கல் இல்லை. நான்காவதாக 4 வரும்போது அதன் டிக்ஷனரியில் 3 வரைக்கும்தான் இருக்கிறது. இல்லாத எண்ணுக்கு என்ன எழுதுவது? முந்தைய சொல்லை எடுத்து, அதன் முதல் எழுத்தையே அதன் கடைசியில் ஒட்ட வேண்டும்: கம + க = கமக. இந்த ஒரு வரியை எழுதியவருக்கு முழு மார்க். 'கமகமகமக'வை ஒரு தடவை கையால் போட்டால் இது ஜென்மத்துக்கும் மறக்காது.

கூடவே ஒரு வரி சேருங்கள்: 256 நிற ஜிஃப்பில் 256 என்ற கோடு எண் டிக்ஷனரியை அழிக்க, 257 முடிவைச் சொல்ல, புதுச் சொற்கள் 258-இல் தொடங்கும். ஒரு கோடு 12 பிட்டைத் தாண்டாது, அதாவது மொத்தம் 4096.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஜெராக்ஸ் கடைகளில் கைக்குக் கை போகிற ஒரு கைடில் 'ஜிஃப் என்பது லாஸி' (சுருக்கும்போது தகவலை இழப்பது) என்று அச்சாகியிருக்கிறது. அதை நம்பி எழுதிய பிள்ளைகளுக்கு மார்க் போய்விட்டது. எல்இசட்டபிள்யூ ஒரு பிட்டைக்கூட இழக்காது. போட்டோவை ஜிஃப் ஆக்கும்போது நிறங்களை 256-க்குள் அடக்குகிறோமே, இழப்பு அங்கே, கம்ப்ரஷனுக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் அச்சுப் பிழையால் மார்க் இழப்பதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

அடுத்து ஜேபெக். 8×8 பிக்சல் கட்டம் முழுக்க 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். 128-ஐக் கழித்தால் 52. டிசிடி (கட்டத்தை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போட்டால் மூலையில் இருக்கும் டிசி எண் (சராசரியைக் குறிப்பது) மட்டும் 52 × 8 = 416, மற்ற 63-உம் பூஜ்யம். ஸ்டாண்டர்டில் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கும் குவான்டைசேஷன் டேபிளில் (எந்த எண்ணால் வகுத்து ரவுண்டு செய்வது என்று சொல்லும் பட்டியல்) முதல் எண் 16. 416 ÷ 16 = 26. திரும்பிப் போனால் அதே 180.

இப்போது 180-க்குப் பதில் 183 போடுங்கள். 55 × 8 = 440. 16-ஆல் வகுத்தால் 27.5, ரவுண்டு செய்தால் 28. திரும்ப 448, எட்டால் வகுத்து 56, 128-ஐக் கூட்டினால் 184. நாம் கொடுத்தது 183, கிடைத்தது 184. ஜேபெக்கில் பெரிய இழப்பு எங்கே என்று கேட்டால் 'குவான்டைசேஷன்' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் இந்த நான்கு வரியைப் போட்டுக் காட்டுங்கள். அடுத்து வரும் படிகளான ஜிக்ஜாக், ரன் லெங்த், ஹஃப்மேன் மூன்றும் எதையும் இழப்பதில்லை.

நிறத்திலும் இழப்பு உண்டு, 4:2:0 என்ற முறையில், அதாவது நிறத்தை மட்டும் குறைத்துச் சேமிப்பது. நாலு பிக்சலுக்கு வெளிச்சம் நாலு எண், நிறம் இரண்டே எண். பிக்சலுக்கு மூன்றாக இருந்த 12 எண் 6 ஆகிறது. 640×480 படம் 9,21,600 பைட்டிலிருந்து 4,60,800-க்கு வந்துவிடும், டிசிடி தொடங்கும் முன்பே.

கண்ணால் பார்க்க ஆசையா? பாண்டியில் பிரெஞ்சுக்காரர் தெருக்களில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தாகத் தெருப்பெயர் இருக்கும். அதை போனில் எடுத்து, ஜேபெக் குவாலிட்டி 20-இல் சேமித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி நீலத்தில் அழுக்குப் புள்ளிகள் மொய்க்கும். கூர்மையான ஓரத்துக்கு வேண்டிய உயர் அதிர்வெண் எண்களை டேபிள் பூஜ்யமாக்கிவிட்டதன் விளைவு அது. போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி ஓரத்திலோ சிவப்பு வெளியே கசியும். அது 4:2:0 வேலை. லோகோவையும் எழுத்தையும் ஏன் பிஎன்ஜியில் வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு நான் எழுதியது இந்தப் பலகையைத்தான்.

டிசிடியின் கதையைப் படித்தபோது எனக்கு உற்சாகம் வந்தது. 1974-இல் அதை வெளியிட்டவர்கள் நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ். நசீர் அகமது 1972-இல் இதற்காக நிதி கேட்டு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர். பெயரும் ஆண்டும் ஒரு வரி போதும்.

பிஎன்ஜிக்கு ஃபில்டர் ஐந்தும் தெரிய வேண்டும், முக்கியமாகப் பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கணிக்கும் பேத். இடது 120, மேல் 130, மேல்-இடது 125 என்றால் 120 + 130 − 125 = 125. மூன்றில் இதற்கு மிக அருகில் இருப்பது 125, அதுவே கணிப்பு. உண்மையான பிக்சல் 127 என்றால் எழுதுவது 2. இப்படிச் சின்ன எண்களாக ஆக்கித்தான் டிஃப்ளேட் என்ற சுருக்கும் முறையிடம் கொடுக்கிறது.

மற்றவை சுருக்கமாக:

- ஜிஃப் 1987, காம்ப்யூசர்வ். 89ஏ பதிப்பில் டிரான்ஸ்பரன்சி வந்தது. பிக்சல் தெரியும் அல்லது தெரியாது, நடுவில் எதுவும் இல்லை.
- எல்இசட்டபிள்யூ மீது யூனிசிஸ் நிறுவனம் வைத்திருந்த பேடன்ட் பிரச்சினையில் பிறந்தது பிஎன்ஜி. 1996-இல் வெப் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரை. ஆல்ஃபாவில் (டிரான்ஸ்பரன்சியின் அளவு) 8 பிட் என்றால் 256 நிலை.
- வெப்பி 2010, கூகுள். லாஸி முறை விபி8 வீடியோவிலிருந்து. லாஸ்லெஸ் முறையும் உண்டு. அகலமோ உயரமோ 16,383 பிக்சலைத் தாண்டாது.
- ஏவிஐஎஃப் 2019, ஏவி1 வீடியோவிலிருந்து.
- எஸ்விஜி வெக்டர் (பிக்சலாக இல்லாமல் கோடும் வடிவமுமாக எழுதுவது), எக்ஸ்எம்எல் டெக்ஸ்ட். இதை ஜேபெக்கோடு ஒரே பட்டியலில் போடாதீர்கள்.

எனக்கு குரூப் ஸ்டடி ஒத்துவராது. நாலு பேர் சேர்ந்தால் கணக்கை ஒருவர் போடுவார், மூன்று பேர் பார்ப்பார்கள். பார்த்தவருக்குக் கை ஓடாது. கடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் ஆண்டுகளையும் பெயர்களையும் அரியாங்குப்பம் நெரிசலில் நிற்கும்போது படித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மேஜை முன் உட்காரும் நேரம் கணக்குக்கு மட்டும்.

பிராக்டிகலுக்கு ஒன்று. எக்ஸ்டென்ஷனை மாற்றினால் ஃபார்மட் மாறுமா என்று வைவாவில் கேட்பார்கள். மாறாது. ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் முதல் சில பைட்டுகளைப் பாருங்கள்: பிஎன்ஜி என்றால் டெசிமலில் 137, 80, 78, 71, ஜேபெக் என்றால் 255, 216, ஜிஃப் என்றால் 71, 73, 70. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒரு ஃபைலைக் கொடுத்து இது என்ன என்று கேட்டால், பெயரைப் பார்த்துச் சொல்லாதீர்கள், திறந்து காட்டிச் சொல்லுங்கள்.