கொழும்பு பஸ்ஸில் ஒரு மத்தளம்

மடியில் மத்தளத்தோடு ஒரு அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர். பக்கத்து சீட்டில் தெற்கே காலி நகரப் பக்கத்துச் சிங்களப் பொடியன்.

வவுனியா தாண்டும்வரை ஒரு பேச்சும் இல்லை. பிறகு அவன் மெல்லக் கையை நீட்டி வாரை இழுத்துப் பார்த்தான், கிழவர் ஒன்றும் சொல்லாமல் மத்தளத்தை அவன் பக்கம் சரித்துக் கொடுத்தார். தங்கள் ஊர் மேளமான யக் பெரய அடிக்கிற மாதிரி அவன் தட்ட, இவர் விரலாலேயே பதில் போட்டார்.

2011இல் யாழ்ப்பாணத்தில் இசை விழா, அடுத்த வருசம் காலியில், பிறகு திரும்ப யாழ்ப்பாணம். கூத்துக்காரரும் தெற்கத்தி மேளக்காரரும் ஒரே விழாவுக்கு வந்தார்கள். காணிப் பிரச்சினையோ காணாமல் போனவர்களின் கதையோ அதனால் தீரவில்லை, அப்படித் தீரும் என்று நம்பியதுமில்லை. ஆனால் மற்றவன் வாத்தியத்தைத் தொட்டுப் பார்க்க ஒரு இடம் இருந்தது.

கொழும்பு வரும்வரை மத்தளம் அவன் மடியில்தான்.