அவுக தூங்குதாக

அக்டோபர் 2
அப்பாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இடது கை, இடது கால் அசையவில்லை. பேச்சு இருக்கிறது, கொஞ்சம் குழறல். ராத்திரி துணைக்கு நான். தூக்கம் வராமல் போனில் ‘இன்றைய தினம் வரலாற்றில்’ பார்த்தேன். 1919 அக்டோபர் 2: வெள்ளை மாளிகையில் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்குப் பக்கவாதம். அவருக்கும் இடது பக்கம்தான். பார்த்திருக்க வேண்டாம்.

அக்டோபர் 4
பாளையங்கோட்டையிலிருந்து சித்தப்பா போன். எடுத்தது அம்மா. “அவுக இப்பந்தான் தூங்குதாக, பொறவு பேசுங்க.” அப்பா முழித்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 5
பி.பி. இறங்கவில்லை.

அக்டோபர் 7
தெரபிக்கு வந்த பெண், அவருக்குப் பழகிய விஷயமாகக் கேட்கச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஆயுசுபூராவும் வரலாறு நடத்தியவர். நான் வேறு எதைக் கேட்பேன்? வில்சன் பதவியேற்றது? “1913, மார்ச் 4.” மத்திய வங்கிக்கான ஃபெடரல் ரிசர்வ் சட்டம்? “அதே வருஷம் டிசம்பர் 23.” ஜெர்மனிமேல் போர்? “1917 ஏப்ரல் 6.” சமாதானத்துக்கு அவர் வைத்த பதினான்கு அம்சங்கள்? “1918 ஜனவரி 8. ஏட்டி, இதெல்லாம் ஒரு மார்க் கேள்வி.” எனக்குச் சிரிப்பும் வந்தது, தெம்பும் வந்தது.

தட்டைப் பார்த்தேன். வலது பக்கத்து இட்லி காலி. இடது பக்கம் இருந்தது அப்படியே. தட்டைத் திருப்பி வைத்ததும், “இது எப்ப வச்ச?” என்றார்.

அக்டோபர் 8
எடித் வில்சன் மண்டையைவிட்டுப் போக மாட்டேன் என்கிறாள். அந்த செப்டம்பர் முழுக்க அவள் புருஷன், போரைத் தடுக்க நாடுகள் சேரும் சர்வதேச சங்கத்துக்கு ஆதரவு திரட்ட ரயிலில் ஊர் ஊராகப் பேசிக்கொண்டு போனார். ஏற்கெனவே தலைவலியால் துடித்தவர். 25ஆம் தேதி கொலராடோவில் பியூப்லோ. அன்றைக்கு ராத்திரியே உடம்பு கைவிட்டது, ரயிலை வாஷிங்டனுக்குத் திருப்பினார்கள். ஒரு வாரத்தில் பக்கவாதம். அப்புறம் எடித்தும் டாக்டர் கிரேசனும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அமைச்சரவைக்கே முழுசாகச் சொல்லவில்லை. எந்தக் காகிதம் உள்ளே போகலாம் என்பது அவள் முடிவு. மதுவிலக்கை அமல்படுத்தும் சட்டத்தை நிராகரித்து அக்டோபர் 27ஆம் தேதி கடிதம் போனது அவர் பேரில். எழுதியது செயலாளர் டுமல்டி. நவம்பர் 19 அந்தச் சங்கமும் அடங்கிய வெர்சாய் சமாதான ஒப்பந்தத்தை செனட் தோற்கடித்தது. எதிர்க்கட்சி செனட்டர் லாட்ஜின் நிபந்தனைகளுக்குக் கொஞ்சம் வளைந்துகொடுத்திருந்தால் தேறியிருக்கலாம். வளையவில்லை. அது வியாதியா, குணமா? குணம் என்றுதான் எனக்குப் படுகிறது, நல்லா இருந்தபோதும் அந்த ஆள் அப்படித்தான்.

ஒரு தேசத்திடம் மறைத்தது அயோக்கியத்தனம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கதவுக்கு வெளியே நின்றவர்களில் எத்தனை பேர் நலம் விசாரிக்க வந்தவர்கள்?

அக்டோபர் 11
இன்ஷூரன்ஸ் படிவத்தில் கையெழுத்து. வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பேர் கோட்டைவிட்டு மேலே ஏறிப் போகிறது.

அக்டோபர் 13
அப்பா அம்மாவின் அமெரிக்க விசா நீட்டிப்புக்கு இன்னொரு படிவம். இந்தியாவையும் சேர்த்து ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவடைத்தது 1917 பிப்ரவரிச் சட்டம். வில்சன் வீட்டோ செய்தார், காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்றியது. நமக்காகப் பரிந்தார் என்று நினைக்க வேண்டாம்; குடியேறுகிறவருக்கு எழுத்தறிவுத் தேர்வு வைத்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

நடு ராத்திரி அப்பாவாகவே, “மணி ஐயர் கடுதாசி” என்றார். சுப்பிரமணிய ஐயர், சென்னை ஹைகோர்ட் ஜட்ஜாக இருந்தவர். சுயாட்சி கேட்ட அன்னி பெசன்டை வெள்ளைக்காரன் காவலில் வைத்ததும், 1917 ஜூனில் வில்சனுக்கே கடிதம் எழுதினார். லண்டனில் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகு கண்டித்தார், ஐயர் ‘சர்’ பட்டத்தைத் தூக்கிப் போட்டார். “தூக்கிப் போட்டாரு பாரு” என்று அப்பா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு மணி வரைக்கும்.

அக்டோபர் 16
வீடியோ கால் வேண்டுமென்று சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார். அம்மா அப்பாவுக்குத் தலை வாரினாள், விபூதி பூசினாள், திரையை இழுத்துவிட்டாள். கடைசியாக இடது கையைச் சால்வைக்குள் தள்ளினாள்.

1919 டிசம்பர் 5, இரண்டு செனட்டர்கள் நேரில் பார்க்க வந்தபோது வில்சனின் இடது கையும் போர்வைக்குள்தான் இருந்தது. வந்தவர்களில் ஃபால் எதிர்க்கட்சி. “உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம்” என்றாராம். “எந்த மாதிரி வேண்டிக்கிறீங்க?” என்று கேட்டாராம் வில்சன்.

“அண்ணன் தெளிவாத்தான இருக்காக” என்றார் சித்தப்பா. அம்மா பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் வரவில்லை.

அக்டோபர் 17
சண்டை. “அவரைக் கேட்டியாம்மா, மறைக்கணுமான்னு?” “நீ படிச்சவ, உனக்குத் தெரியும்.” இதற்குப் பதில் கிடையாது.

வெளியுறவு அமைச்சர் லான்சிங், ஜனாதிபதி இல்லாமலே அமைச்சரவையைக் கூட்டினார். 1920 பிப்ரவரியில் வேலை போயிற்று.

அக்டோபர் 18
இடது கால் பெருவிரல். அசைந்தது. நான் பார்த்தேன். நர்ஸ் பார்க்கவில்லை.

அக்டோபர் 21
நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகன் சனிக்கிழமை காரில் வருகிறானாம். அவனுக்கு யார் சொன்னது என்று அம்மா கேட்கவில்லை. இட்லிக்கு உளுந்து இருக்கிறதா என்றுதான் கேட்டாள்.