ஒரே பாடல், இரு குரல்கள்

2009 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடைபெற்ற, 'அமெரிக்கன் ஐடல்' என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் எட்டாம் பருவ இறுதிச் சுற்றில், ஆடம் லாம்பர்ட்டைப் பின்தள்ளிக் கிரிஸ் ஆலன் வென்றது சரியா என்று ரசிகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நேற்றிரவு, அச்சுற்றில் இருவரும் பாடிய ஆறு பாடல்களையும் மீண்டும் கேட்டேன்.

பழம்பெரும் அமெரிக்கப் பாடகர் சாம் குக்கின் பாடலை ஆடம் பாடியபோது, உச்சத்தில் குரலை நிறுத்தி, பிறகு மெல்ல இறக்கிய விதம் என்னை இப்போதும் உலுக்குகிறது. அந்த வீச்சு கிரிஸிடம் இல்லை. ஆனால், பியானோவின் முன் அமர்ந்து, இன்னொரு அமெரிக்கப் பாடகரான பில் விதர்ஸின் பாடலை அவர் பாடிய அந்தச் சில நிமிடங்களில், எதையும் நிரூபிக்க முயலாமல், சொற்களுக்கு இடையிலான மௌனத்தையும் பாட்டாக்கினார் என்பதை ஆடத்தின் ரசிகர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருவருக்கும் பொதுவாகத் தரப்பட்ட 'நோ பவுண்டரீஸ்' பாடலை வைத்துக் கிரிஸைக் குறைத்து மதிப்பிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நடுவர் காரா டியோகார்டியும் சேர்ந்து எழுதிய அப்பாடல் மேலே மேலே ஏறிக்கொண்டே செல்வது. அது ஆடத்தின் குரலுக்கு இயல்பாகப் பொருந்தியது, கிரிஸையோ மூச்சுத் திணறவைத்தது.

பதிவான வாக்குகள் ஏறத்தாழ 10 கோடி என்று மேடையில் அறிவித்தார்கள். ஒருவரே பலமுறை வாக்களிக்கலாம் என்பதால், அந்த எண்ணை இசைக்கான தீர்ப்பாக நான் கருதவில்லை. என் வாக்கு, சாம் குக்கின் அந்த ஒரு பாடலுக்காகவே, ஆடத்துக்குத்தான்.